மலைக்குப் போன முட்டை ஓடு

இசபெல்லா உதவியாளராக இருந்த பல் மருத்துவமனைக்குப் புது எந்திரம் வந்ததும் பழையதை ஓரங்கட்டிவிட்டார்கள். தடித்த பேனா அளவில் ஒரு கைப்பிடி, அதன் நுனியில் மாட்டுகிற மெல்லிய துளைப்பு ஊசிகள், காலால் அழுத்தினால் சுழல்கிற சின்ன மோட்டார். "எடைக்குப் போடறதா இருந்தா நான் எடுத்துக்கட்டுமா சார்" என்று கேட்டாள். டாக்டர் சரவணக்குமார் எதற்கென்று கேட்காமலே தலையாட்டினார். எதற்கென்று அவளுக்கே அப்போது தெரியாது.

அவள் சேலத்துப் பெண். ஏற்காடு மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் பிறந்து, நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் ஜெபஸ்டின் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை லோடு ஏற்றும் இடத்தில் மேற்பார்வையாளர். மகன் ஜெர்ரி சென்னைக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் இரண்டு பேர்தான். முட்டை மட்டும் அட்டை அட்டையாக வந்துகொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், ஒரு முட்டையின் அடியில் சின்னத் துளை போட்டு, ஊசி போடும் சிரிஞ்சால் காற்றை உள்ளே செலுத்தினாள். வெள்ளையும் மஞ்சளும் கிண்ணத்தில் இறங்கின. கழுவிக் காயவைத்த வெற்று ஓட்டைக் கையில் எடுத்தபோது அதற்கு எடையே இல்லை. மூச்சு பலமாக விட்டால் உருண்டு போய்விடும்போல இருந்தது. முகக்கவசம் மாட்டிக்கொண்டு மோட்டாரை மெல்ல அழுத்தி, ஊசி முனையை அதன்மேல் வைத்தாள். சுண்ணாம்புத் தூள் பறந்தது. ஓட்டில் கடுகளவு சன்னல் ஒன்று திறந்தது.

அன்றைக்கு உடைந்தவற்றுக்குக் கணக்கில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முட்டைப் பொரியல், மறுநாள் காலையில் ஆம்லெட், மதியம் முட்டைக் குழம்பு. "பண்ணையில பாக்கறது பத்தாதா, ஊட்டுலயுமா" என்றான் ஜெபஸ்டின். ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

சில மாதங்களில் அவள் கை பழகிவிட்டது. பல்லில் வேலை நடக்கும்போது நோயாளி வாய் திறந்திருக்க, எச்சில் உறிஞ்சும் குழாயை அசையாமல் பிடித்துப் பிடித்துப் பழகிய கை அது. எங்கே அழுத்தினால் ஓடு தாங்கும், எங்கே நிறுத்தாவிட்டால் பிளந்துகொள்ளும் என்பது விரலுக்குத் தெரிந்தது. ஒரு நாள் மருத்துவமனை வரவேற்பில் இருக்கிற ஜோதியிடம் காட்டலாம் என்று ஒன்றைப் பஞ்சில் பொதிந்து எடுத்துப் போனாள்.

ஜோதி பரமத்தி வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவர்களுக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அவள் போனில் வைத்திருந்த படங்களைப் பார்த்துத்தான் இசபெல்லா அந்த ஓட்டில் வெற்றிலைக் கொடியைச் செதுக்கியிருந்தாள். இலைகளுக்கு நடுவே காம்பும், காம்புகளுக்கு நடுவே வெறும் காற்றும்.

"ஏனுங்கக்கா, இது பிளாஸ்டிக்குங்களா?"

"முட்டை."

ஜோதி நம்பவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக எக்ஸ்ரே எடுக்கும் இருட்டு அறைக்குள் கொண்டுபோய், போனின் டார்ச்சைப் போட்டு அடித் துளையின் கீழ் வைத்தாள். அறையின் சுவர் முழுவதும், கூரை வரைக்கும், வெற்றிலை படர்ந்தது. ஒவ்வொரு இலையும் ஆள் உயரம். ஜோதி டார்ச்சைக் கொஞ்சம் அசைக்க, கொடி காற்றில் ஆடுவதுபோல ஆடியது. செதுக்கிய இசபெல்லாவுக்கே அது புதிதாக இருந்தது. அவள் இதுவரை ஓட்டைத்தான் பார்த்திருந்தாள். ஓட்டுக்குள்ளிருந்து வெளியே வருவதைப் பார்த்ததில்லை.

"எங்க கொடிக்காலுக்குள்ள நிக்கற மாதிரியே இருக்குதுங்க" என்றாள் ஜோதி, குரலைத் தாழ்த்தி. பிறகு, "இதை விக்கோணுமுங்கக்கா."

"நாமக்கல்லுல முட்டை ஓட்டை யாரு காசு குடுத்து வாங்குவா?"

"நாமக்கல்லுல எதுக்குங்க விக்கறது? போன்ல போடலாமுங்க. ஆரு எங்க இருக்கறாங்கன்னு நமக்கென்ன தெரியும்."

படங்களைப் போடுவதற்காகப் போனில் தொடங்கிய பக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தார்கள். இசபெல்லா 'ஓடு' என்றாள். "வந்தவங்களை வெரட்டற மாதிரி இருக்குதுங்க" என்று ஜோதி சிரித்தாள். கடைசியில் 'வெள்ளோடு' என்று வைத்தார்கள். ஈரோட்டுப் பக்கம் அந்தப் பெயரில் ஒரு ஊரே இருப்பதாக ஜோதி சொன்னாள். இருந்தால் இருக்கட்டும் என்றாள் இசபெல்லா.

படம் எடுப்பது செதுக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை ஓடு காணாமல் போனது. பூப்போட்ட மேசை விரிப்பில் வைத்தால் பூதான் தெரிந்தது. ஜெபஸ்டினின் கறுப்புக் குடையை விரித்து, சன்னல் ஓரம் சாய்த்து, அதன்முன் வைத்து எடுத்த பிறகுதான் ஓடு ஓடாகத் தெரிந்தது. விலை வைக்கும்போது இசபெல்லா ஒரு தொகை சொன்னாள். ஜோதி அவளிடம் எதுவும் கேட்காமல் அதை மூன்று மடங்காக்கிப் பதிந்தாள்.

யாரும் வாங்கவில்லை. சொந்தக்காரர்கள் கட்டைவிரல் படம் போட்டார்கள். தெரியாதவர்கள் வந்து, இது எந்திரத்தில் அச்சடித்த பிளாஸ்டிக், ஏமாறாதீர்கள் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதைப் படித்த அன்றுதான் இசபெல்லாவுக்கு முதல்முறை கோபம் வந்தது.

"நம்பலைன்னா, முட்டையில இருந்தே காட்டுவோம்" என்றாள்.

மறுநாள் அவள் மோட்டாரையும் ஒரு அட்டை முட்டையையும் மருத்துவமனைக்குக் கொண்டுவர, மதிய இடைவேளையில் ஜோதி வீடியோ எடுத்தாள். அட்டையிலிருந்து முட்டையை எடுப்பது, துளை போடுவது, கரு கிண்ணத்தில் விழுவது, மருத்துவமனையின் பின்கட்டு அடுப்பில் அது ஆம்லெட் ஆவது, ஜோதியே அதைப் பிட்டு வாயில் போடுவது. அப்புறம் ஓடு, ஊசி, தூள், இலை. கடைசியில் எக்ஸ்ரே அறைச் சுவர். பேச்சே இல்லை. மோட்டார் சத்தமும் ஆம்லெட் பொரியும் சத்தமும் மட்டும்.

அந்த வீடியோ எப்படியோ எங்கெங்கோ போனது. கீழே தெரியாத எழுத்துகளில் எல்லாம் எழுதினார்கள். இசபெல்லா பஸ் நிறுத்தத்தில் நின்று அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். படிக்க முடியாத வார்த்தைகள், ஆனால் தன்னைப் பார்த்துச் சொன்னவை. அவள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போயேவிட்டது.

அந்த வாரமே முதல் ஆர்டர் வந்தது. அனுப்பியவர் பெயர் டோல்மா. இமாச்சலப் பிரதேசத்தில், ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஜோதி படித்துச் சொன்னாள். எங்கள் பிள்ளைகள் பள்ளியில் முட்டை சாப்பிடுகிறார்கள், ஓட்டை உரித்துப் போட்டுவிடுகிறார்கள், அதற்குள் இது இருந்தது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். வீடியோவில் பார்த்த அதே கொடிதான் வேண்டும்.

ஜோதி வரைபடத்தைத் திறந்து அந்த இடத்தைத் தொட்டாள். நாமக்கல்லிலிருந்து கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. போன் திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டுமானால் இந்தியா முழுவதையும் சுருக்க வேண்டியிருந்தது.

இசபெல்லா அந்த ஓட்டைக் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேலும் சுற்றி, தலையணைப் பஞ்சு அடைத்து, பெட்டியின் எல்லாப் பக்கமும் 'உடையும் பொருள்' என்று எழுதி அனுப்பினாள்.

போய்ச் சேர்ந்தது தூள்தான். டோல்மா படம் அனுப்பியிருந்தார். விரித்த உள்ளங்கையில் வெள்ளைத் துண்டுகள். ஒன்றில் மட்டும் பாதி இலை முழுசாக இருந்தது. கீழே எழுதியிருந்தார்: பிள்ளைகள் துண்டுகளைக் கரும்பலகையில் வைத்து ஒட்டப் பார்த்தார்கள், முடியவில்லை. இன்னொன்று அனுப்ப முடியுமா? பனி கெட்டியாக விழுந்தால் பாதை அடைத்துவிடும், பிறகு சித்திரை வாக்கில்தான் திறக்கும்.

இசபெல்லா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் ஜெபஸ்டினிடம் கேட்டாள். "உங்க பண்ணையில இருந்து தினம் லாரி லாரியா போகுதே. அதெல்லாம் எப்படி உடையாம போகுது?"

"ஒடையும். கொஞ்சம் ஒடையத்தான் செய்யும். ஆனா அதுக்குள்ள கரு இருக்குது, ஓடு முழுசா இருக்குது. நீ அதை வலை மாதிரி ஆக்கிட்டே. மேல தொட்ட எடமெல்லாம் அதுக்கு அடிதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுவுமே தொடாம அனுப்ப முடிஞ்சா சரி" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

மறுநாள் மருத்துவமனைக்கு ஆய்வகத்திலிருந்து ஒரு நோயாளியின் பல்மேல் மாட்டுகிற 'கிரவுன்' உறை வந்தது. எப்போதும் வருகிற சின்னப் பிளாஸ்டிக் டப்பா. இசபெல்லா எத்தனையோ வருடமாகத் திறந்து மூடுகிற டப்பாதான். மேலும் கீழும் மெல்லிய கண்ணாடித்தாள் இழுத்துக் கட்டியிருக்கும். அந்த இரண்டு தாள்களுக்கும் நடுவே பல் உறை அப்படியே பிடித்து நிற்கும். குலுக்கினாலும் சுவரைத் தொடாது. பார்க்கிறவர்களுக்கு அந்தரத்தில் தொங்குவதுபோல இருக்கும்.

அவள் அதை மூடவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நாற்காலியில் படுத்திருந்த நோயாளி, ராசு என்கிற முதியவர், வாயைத் திறந்தபடியே அவளைப் பார்த்தார். டாக்டர், "இசபெல்லா" என்று இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குக் காது கேட்டது.

மருத்துவமனையில், வேலை பார்க்கும் பல்லை மட்டும் தனியே பிரித்துக்கொள்ள ஒரு ரப்பர் விரிப்பு உண்டு. சதுரமாக, மெல்லிசாக, எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. அதில் கொஞ்சம் வாங்கிக்கொண்டாள். அட்டையை வெட்டி இரண்டு சட்டம் செய்தாள். இரண்டிலும் விரிப்பை இழுத்துக் கட்டி, நடுவில் வெறும் முட்டை ஓடு ஒன்றை வைத்து, சட்டங்களைச் சேர்த்துப் பெட்டிக்குள் இறக்கினாள். ஜோதி அதை மாடிப்படி உச்சியிலிருந்து உருட்டிவிட்டாள். திறந்து பார்த்தார்கள். ஓடு இருந்தது. கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே போட்டார்கள். இருந்தது. டாக்டர் சத்தம் கேட்டு வெளியே வந்து, விவரம் தெரிந்ததும் பெட்டியை வாங்கித் தானும் ஒருமுறை எறிந்து பார்த்தார்.

"வேலூருக்கு எங்க ஊட்டுக்கே ஒண்ணு அனுப்பிப் பாக்கலாமுங்கக்கா" என்றாள் ஜோதி. "நான் கையில எடுத்துட்டுப் போனா ஒரு மணி நேரம். கூரியர்ல போட்டா எங்கெங்க சுத்திட்டு வருதோ அதுதான் சோதனை."

அந்தப் பெட்டி சேலம் போய், கோயம்புத்தூர் போய், கரூர் வழியாக வேலூர் வந்து சேர்ந்தது. மூலைகள் நசுங்கி, ஒரு பக்கம் ஈரம் பட்டிருந்தது. ஜோதி அதைப் பிரிக்காமலே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். இசபெல்லா கத்தரியால் நாடாவை வெட்டும்போது டாக்டரும் ஜோதியும் குனிந்து நின்றார்கள். ரப்பர் விரிப்பின் நடுவே, கொடியும் இலையும் செதுக்கிய ஓடு ஒரு மயிர்க்கோடு விழாமல் நின்றது. அவள் அதைத் தொடுவதற்குத் தயங்கினாள். மூன்று ஊர்க் கிடங்குகளில் யார் யாரோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள், மேலே எதையெதையோ அடுக்கியிருக்கிறார்கள். எதுவும் இதற்குத் தெரியவில்லை.

"எம் மாதாவே" என்றாள் மெல்ல.

டோல்மாவுக்கு அவள் புதிதாக ஒன்று செதுக்கினாள். இந்த முறை கொடியோடு, அது பற்றி ஏறும் அகத்தி மரத்தையும், ஓரத்தில் ஒரு வாழையையும் சேர்த்தாள். அஞ்சலில் சேர்த்த நாளிலிருந்து ஸ்பிட்டியின் வானிலையைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. நாமக்கல்லில் வியர்த்து வழிகிற மதியத்தில் போனைத் திறந்து, அங்கே இன்றைக்குப் பனி விழுமா என்று பார்ப்பாள். ஒரு நாள் விழுந்தது என்று காட்டியது. அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஓர் அஞ்சல் பொட்டலத்துக்காக மன்றாடுவது சரியா என்று தெரியவில்லை. மன்றாடினாள்.

பதில் பல நாள் இல்லை. பிறகு ஒரு காலை, காத்திருக்கும் நோயாளிகள் நிறைந்திருக்கும் நேரத்தில், ஜோதி எழுந்து உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, வாங்க. வீடியோ வந்திருக்குதுங்க."

வரவேற்பு மேசையில் போனை நிறுத்தி வைத்து ஓட்டினாள். முதலில் ஒரு சன்னல். அதற்கு வெளியே எல்லாமே வெள்ளை. மலையும் தரையும் எங்கே சேர்கின்றன என்று தெரியவில்லை. யாரோ சன்னலுக்குக் கம்பளியை இழுத்து விட்டார்கள். அறை இருண்டது. சலசலப்பு. பிள்ளைகளின் தும்மல், இருமல். டோல்மாவின் குரல் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னது. சின்ன விளக்கு ஒன்று ஓட்டுக்கு அடியில் எரிந்தது.

பரமத்தி வேலூரின் கொடிக்கால் அந்தச் சுவரில் ஏறியது. மண் பூசிய சுவரில் அகத்தி மரம் நின்றது, அதைப் பற்றி வெற்றிலை கூரை வரை போனது, மூலையில் வாழை இலை மடங்கிச் சுவரைத் தாண்டி மறு சுவரில் விழுந்தது. பிள்ளைகளின் தொப்பிமேலும் கன்னத்திலும் இலைகள் விழுந்தன. முன் வரிசையில் கம்பளிக் குல்லாய் போட்ட சிறுமி எழுந்தாள், சுவரிடம் போனாள், ஓர் இலையைக் கிள்ள விரலை நீட்டினாள். இலை அவள் கையின் மேல் வந்தது. அவள் கையைத் திருப்பினாள். உள்ளங்கையிலும் இலை இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து கைகளை நீட்டினார்கள். எல்லாக் கைகளிலும் வெற்றிலை.

நாமக்கல் வரவேற்பறையிலும் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். கன்னம் வீங்கிய ஒரு லாரி டிரைவர் எழுந்து வந்து மேசைமேல் குனிந்திருந்தார். பல்லைக் காட்ட மறுபடி வந்திருந்த ராசு பெரியவர், "என்ன சாமி இது, எந்த ஊரு" என்று கேட்டார். டாக்டர் கையுறையோடு வாசலில் நின்றிருந்தார். இசபெல்லாவுக்குக் கண்ணை நீர் மறைத்தது. அவள் அந்த ஊருக்குப் போனதில்லை, போகப் போவதுமில்லை. அவள் கை போயிருந்தது.

"எங்க கொடிக்காலுங்க அது" என்றாள் ஜோதி கடைசியில், அந்த டிரைவரிடம். "வேலூருல இருக்குது. இப்ப அங்கயும் இருக்குது."

அந்த வீடியோவை டோல்மாவின் அனுமதியோடு பக்கத்தில் போட்டார்கள். அதன் பிறகு ஆர்டர்கள் வந்தன. நிற்காமல் வந்தன என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. இசபெல்லா மருத்துவமனை வேலையை விடவில்லை. வாரத்தில் இரண்டு மதியங்களை டாக்டர் விட்டுக்கொடுத்தார். பணமும் முகவரியும் அஞ்சலும் ஜோதி பொறுப்பு, வருகிறதில் அவளுக்குப் பங்கு. ஒருமுறை நார்வேயிலிருந்து ஒருவர் கேட்டார். அனுப்பினார்கள், உடையாமல் போனது. ஒருமுறை ஆத்தூருக்கு அனுப்பியது உடைந்தது. பெட்டியை இன்னும் மாற்றினார்கள். அடுத்தடுத்து உடைந்தபோதெல்லாம் அவள் போனைக் கவிழ்த்து வைக்கவில்லை, சட்டத்தை அளந்தாள்.

அடுத்த வருடம் மார்கழித் தொடக்கத்தில் டோல்மா மறுபடி எழுதினார். பாதை மூடிவிட்டது, ஆனால் மேட்டில் ஏறினால் போனுக்குத் தொடர்பு கிடைக்கிறது. பிள்ளைகள் உங்களுக்கு அவர்கள் ஊரைக் காட்ட விரும்பினார்கள். கூடவே அவர்கள் வரைந்த படங்கள். சடை தொங்கும் மாடு, கொடி கட்டிய பாலம், தட்டைக் கூரை வீடு. ஒன்று மட்டும் வெறும் தாள். அதை அனுப்பியது இலையைக் கிள்ளப் போன அந்தச் சிறுமி. ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை. டோல்மா அதற்கு அர்த்தம் எழுதியிருந்தார்: பனி.

ஜெபஸ்டின் பார்த்துவிட்டு, "வரையறதுக்குச் சோம்பேறித்தனம்" என்றான்.

இசபெல்லாவுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தாளைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இதுவரை அவள் செய்ததெல்லாம் துளைப்பது. வேண்டாததை எடுத்துவிட்டால் வேண்டியது நிற்கும். பனியில் எடுப்பதற்கு எதுவும் இல்லையே. பல நாள் யோசித்து, மிக நுண்ணிய ஊசியை மாட்டி, துளைக்காமல் ஓட்டின் மேல்தோலை மட்டும் தேய்க்கத் தொடங்கினாள். ஓரிடத்தில் கொஞ்சம், ஓரிடத்தில் இன்னும் கொஞ்சம். ஊசி அழுந்தினால் போச்சு. மூச்சை அடக்கியபடி தேய்த்ததில் கழுத்து இறுகிப்போனது. ஓடு வெளியே பார்க்க எந்த மாற்றமும் இல்லாமல், வழவழப்பு போன சாதாரண முட்டையாக இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சன்னல்களைச் சாத்தி, படுக்கையறையில் அதைச் சின்ன விளக்கின்மேல் வைத்தாள். ஜெபஸ்டினைக் கூப்பிட்டாள்.

சுவரில் எதுவும் விழவில்லை. ஓடே ஒளிர்ந்தது. தேய்ந்து மெலிந்த இடங்கள் பளீரென்றும், தடித்த இடங்கள் மங்கிய நீலமாகவும் தெரிய, அதற்குள் மலைச்சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போயின. எல்லாவற்றின்மேலும் வெள்ளை இறங்கிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. ஒரு வீடு, அதன் கூரை, அதன் மேல் பனி. வீட்டுக்கு ஒரே ஒரு சன்னல்.

ஜெபஸ்டின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். நாள் முழுக்க முட்டைகளுக்கு நடுவே நிற்கிற மனிதன், முட்டையை முதல்முறை பார்க்கிறவனைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி, தொடாமல், ஓட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைப் பிடித்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"குளிருதான்னு பாத்தேன்" என்றான் அவன்.